செவ்வாய்க்கிழமைத் துப்பாக்கி

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ரோண்டா பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. அதே கட்டிலின் மேல் அவள் அம்மா வெர்லா சாகக் கிடந்தாள். சாகக் கிடந்தாலும் அதிகாரம் குறையவில்லை.

“இடது பக்கம் பாரு. அது உங்கப்பாவோட பூட்ஸ், அதைத் தொடாத. அதுக்குப் பின்னாடி.”

பெட்டி கிடைத்தது. கறுப்பு பிளாஸ்டிக், கைப்பிடி வைத்தது. ரோண்டா அதை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அறை வாசலில் நர்ஸ் ட்ரீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இனி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த முதல் நாளே ட்ரீனா கேட்டிருந்தாள், வீட்டில் துப்பாக்கி ஏதாவது உண்டா என்று. நோயாளியின் கைக்கு எட்டுகிற மாதிரி அது இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. வெர்லா கண்ணைக்கூட இமைக்காமல் இல்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஏழு வாரம் அதன் மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறாள்.

“பொய் சொன்னீங்களேம்மா,” என்றாள் ட்ரீனா.

“ஆமா. இப்ப உண்மையைச் சொல்லிட்டேன்ல.” வெர்லா மகள் பக்கம் திரும்பினாள். “இன்னிக்குச் செவ்வாய்தானே?”

இந்தக் கேள்வி ரோண்டாவுக்குப் புதிதில்லை. அரிசோனாவிலிருந்து மிசூரிக்கு அவள் வந்து இறங்கிய நாள் முதல் அம்மா தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறாள். இந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது செவ்வாய்க்கிழமை. அதை நினைத்துத்தான் தவிக்கிறாள் என்று ரோண்டா முடிவு கட்டி, தொட்டியை வாசலில் வைத்துவிடுவேன், கவலைப்படாதே என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சாகப்போகிறவளுக்குக் குப்பைத் தொட்டிக் கவலை இருக்கும் என்று நம்புவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

“துப்பாக்கிக் கடைக்குப் பின்னாடி இருக்கிற சுடுதளத்துல ஹார்லன்னு ஒருத்தர் இருப்பார். பச்சைத் தொப்பி. இதை அவர்கிட்டக் குடு. நான் உன்கூட அரிசோனாவுக்கு வந்துட்டேன், விமானத்துல எடுத்துட்டு வர முடியலன்னு சொல்லு.”

“எதுக்கும்மா பொய்?”

“இப்படிக் கிடக்கேன்னு சொல்லாத. என்னை இந்தக் கோலத்துல அவர் பார்க்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

ரோண்டா சத்தியம் பண்ணினாள். அதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்துக்கு வந்ததும் ட்ரீனா தணிந்த குரலில், போனால் சீக்கிரம் திரும்பி வாருங்கள், எனக்கென்னவோ இன்றைக்குத்தான் என்று தோன்றுகிறது என்றாள்.

காரில் ஏறி ரோண்டா பெட்டியைத் திறந்து பார்த்தாள். துப்பாக்கி, ஒரு காதுமூடி, ஒரு டப்பா தோட்டா, அதன் பக்கத்தில் ஒரு லிப்ஸ்டிக். தேய்ந்து அடிக்கு வந்திருந்தது. அம்மா சர்ச்சுக்குக்கூட லிப்ஸ்டிக் போட்டு ரோண்டா பார்த்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்பா போய் ஓராண்டு ஆகியிருந்தபோது, அடுத்த வீட்டுக் கொட்டகையின் பூட்டை எவனோ உடைத்தான். அப்பாவின் மான் சுடும் துப்பாக்கிகளையெல்லாம் சித்தப்பா முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார். எழுபது வயது வெர்லா தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்தாள். அன்று சாயங்காலம் போனில் ஒரு மணி நேரம் அந்தக் கதைதான்.

கடைக்காரப் பையன் ஊதாப் பிடி போட்ட ஒரு குட்டித் துப்பாக்கியை நீட்டி, கைப்பைக்குள் அடங்கும், பெண்களுக்கு இதுதான் தோது என்றானாம். கடைக்குப் பின்னாலிருக்கும் சுடுதளத்தில் ஒரு குண்டு சுட்டுப் பார்த்தவளுக்கு மணிக்கட்டே கழன்று போனது போலிருந்ததாம். தோட்டா வாங்க நின்றிருந்த ஒரு பெரியவர்தான் குறுக்கே வந்து, சின்னதுதான் அதிகமாக உதைக்கும், அந்தப் பொம்மையை உள்ளே வைத்துவிட்டுக் கனமானதாக ஒன்றை எடு என்று பையனை அதட்டினாராம். பிறகு படிவம். தண்டனை பெற்றவரா, போதைப் பழக்கம் உண்டா, தலைமறைவாக இருப்பவரா என்று வரிசையாகக் கேள்வி. அம்மா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, சர்ச் சமையல் குழுவிடமிருந்து மட்டும்தான் தலைமறைவு என்றாளாம். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். பையன் எங்கோ போன் போட்டு விசாரித்தான். பத்தே நிமிடத்தில் சரி என்று வந்துவிட்டது. அதில்தான் அம்மாவுக்கு மனத்தாங்கல். எழுபது வருடத்தில் நான் செய்த தப்பு ஒன்றுகூடவா அவர்களுக்கு அகப்படவில்லை என்று கேட்டாள்.

ரோண்டா சிரிக்கவில்லை. பயமாக இருந்தால் என்னோடு வந்து இருந்துவிடு என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெரியவர் யார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வந்தபோது, அம்மா சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியின் மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். உள்ளே இருக்கும் வலுவான ஸ்பிரிங்கை மீறி அதைப் பின்னுக்குத் தள்ளினால்தான் மற்ற வேலை. அம்மா அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, மேசை இழுப்பறையைத் திறக்கிற மாதிரி அலட்டாமல் திறந்தாள். கை வலிமை வேண்டாம், இழுக்காமல் தள்ளத் தெரிந்தால் போதும், கடையில் ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள் என்று பெருமையாகச் சொன்னாள். ரோண்டா பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டில் எல்லாம் எண்ணெய் நாற்றம் என்று எரிந்து விழுந்தாள். அம்மா எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியைப் பற்றி இருவருக்கும் நடுவில் பேச்சே கிடையாது.

சுடுதளத்தில் தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக மேசைகள். நான்காம் மேசையில் பச்சைத் தொப்பி போட்ட நெட்டை மனிதர் ஒருவர் சுடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். முன்னால் ஒரு பிளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளும். ஒன்றில் காபி இருந்தது. இன்னொன்று காலி.

“வெர்லா பொண்ணா?” என்று அவரே கேட்டார். “நெத்தி அப்படியே இருக்கு.”

ரோண்டா மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். அரிசோனா, விமானம், எல்லாம். ஹார்லன் குறுக்கே பேசாமல் கேட்டார். நல்லது, அந்த வெயில் அவள் கைக்கு நல்லது என்றார். பெட்டியை வாங்கிக்கொள்ளவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்க யாரு இழுத்துக் குடுக்கறாங்க?”

“எதை?”

“ஸ்லைடைத்தான். உங்கம்மாவுக்கு விரல் முட்டெல்லாம் வாதமாச்சே. வாங்கின அன்னிக்கே வரல. நான்தான் இழுத்து நிறுத்தி, பிடி அவங்க பக்கம் இருக்கிற மாதிரி மேசையில வெச்சேன். அடுத்த வாரமே லேசா இழுக்க வர்ற வேற துப்பாக்கி ஒண்ணைக் காட்டினேன். கடையில மாத்திக்கலாம்னும் சொன்னேன். இதுவே பழகிப்போச்சுன்னுட்டாங்க. பிடிவாதம்.” அவர் சிரித்தார். “நாலு வருஷம். செவ்வாய் தவறாம பத்தரைக்கு வருவாங்க. ஒரு தடவைகூடத் தானா இழுத்ததில்ல.”

ரோண்டாவுக்குச் சமையலறை மேசை ஞாபகத்துக்கு வந்தது. செய்தித்தாள், எண்ணெய், இழுப்பறை மாதிரி திறந்துகொண்ட ஸ்லைடு. தேய்ந்துபோன லிப்ஸ்டிக்கும். தினம் தினம் செவ்வாயா என்று அம்மா கேட்டது எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது. ஏழு வாரமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியிருக்கிறாள், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

சத்தியமாவது மண்ணாவது.

“அம்மா அரிசோனாவுல இல்ல,” என்றாள். “வீட்டுலதான் இருக்காங்க. புற்று. இன்னிக்குத் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்றாங்க.”

ஹார்லன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். ஏற்கெனவே மூடியிருந்ததை மறுபடியும் திருகினார்.

“உங்களைப் பார்க்க விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. இந்தக் கோலத்துல.”

“அப்ப நான் பார்க்க மாட்டேன்,” என்று எழுந்தார். “ஆனா செவ்வாய்க்கிழமை ஆச்சே.”

தோட்டா டப்பாவைத் தன் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ரோண்டாவின் காரில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார், படுக்கை அறை சமையலறைக்குப் பக்கத்திலா என்று. ஆமாம், ஒரு சுவர்தான் நடுவில் என்றாள் ரோண்டா.

பெட்டி திரும்பி வருவதைப் பார்த்ததும் ட்ரீனாவுக்குக் கோபம் வந்தது. ரோண்டா அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள். ட்ரீனா தானே துப்பாக்கியை வாங்கி, காலிதானா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படுக்கை அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள்.

ஹார்லன் சமையலறையில் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தவறிக்கூடப் பார்த்துவிடக் கூடாதே என்று.

உள்ளே வெர்லாவின் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ரோண்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்லைடு பின்னுக்குப் போய் டக்கென்று நின்றது. சின்னச் சத்தம்தான். துப்பாக்கியை மரமேசையில் வைப்பதும் கேட்டது.

வெர்லாவின் கண் திறக்கவில்லை. போர்வையின் மேல் கவிழ்ந்து கிடந்த வலது கை மெல்லத் திரும்பி, எதையோ வாங்கிக்கொள்ளப் போகிற மாதிரி விரிந்தது.

“வந்துட்டாரு.”

“சமையலறையில இருக்காரும்மா. உள்ள வரல. பார்க்கல.”

உதடு கொஞ்சம் அசைந்தது. திட்டப்போகிறாள் என்றுதான் ரோண்டா நினைத்தாள். காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டாள்.

“அவர்கிட்டச் சொல்லிடாத.”

“எதைம்மா?”

“எனக்கு இழுக்க வரும்னு.”

“சொல்லல.”

ஒவ்வொரு தடவை இழுத்துக் கொடுத்த பிறகும் பத்துக் குண்டு சுட வெர்லாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஹார்லனுக்குத் தெரியும். அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். பிறகு மறுபடியும் இழுத்தார். மறுபடியும் காத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ரோண்டாவின் கைக்குள் அம்மாவின் விரல்கள் லேசாக அழுந்தின. ஐந்தாவது தடவை இழுத்தபோது அழுந்தவில்லை. ட்ரீனா குனிந்து பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு ரோண்டாவின் தோளில் கை வைத்தாள்.

ரோண்டா அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். ஹார்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஆறாவது தடவை அவர் இழுக்கவில்லை. யாரும் வந்து சொல்லாமலே தெரிந்துவிட்டிருந்தது.

எதிர் நாற்காலியை விட்டுவிட்டு ரோண்டா பக்கவாட்டில் உட்கார்ந்தாள். எதிரே இருந்தது அம்மாவின் இடம். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போங்கள், அம்மா உங்களுக்கென்றுதான் கொடுத்தாள் என்றாள். ஹார்லன் விரலால் அதன் முதுகைத் தடவி, விரல் நுனியை வெளிச்சத்தில் பார்த்தார்.

“சுடுதளத்துல இவ்வளவு சுத்தமா யாரும் வெச்சிருந்ததில்ல,” என்றார். “வாராவாரம் பிரிச்சுத் துடைச்சு எண்ணெய் போட்டுருப்பாங்க.”

ரோண்டா துப்பாக்கியைப் பார்த்தாள். கொடுத்த வாக்கு நெஞ்சில் கனத்தது.

“இதைப் பிரிக்கணும்னா முதல்ல ஸ்லைடை இழுத்தாகணும்மா. வேற வழியே கிடையாது.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மூணாவது வாரமே பார்த்துட்டேன்.”

“நாலு வருஷமா அம்மாகிட்டக் கேக்கவே இல்லையா?”

“கேட்டுட்டா அடுத்த செவ்வாய்க்கு என்ன பண்றது?”

அடுத்த அறையில் ட்ரீனா யாருக்கோ போன் செய்து முகவரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஹார்லன் துப்பாக்கியை எடுத்து இன்னொரு தடவை இழுத்து நிறுத்தினார். எதிர் நாற்காலியின் பக்கம் பிடி இருக்கும்படி மேசையில் வைத்தார்.

தெருமுனையில் குப்பை வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. தொட்டி இன்னும் கொட்டகைக்குள்தான் இருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.