மூன்று திரெட்டும் ஒரு கேற்றும்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதிதாய் ஜாவாவில் புரோகிராம் எழுதப் படிப்பவர்களுக்குத் திரெட் பற்றி ஒரு பாடம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கனகேஸ்வரி வந்து நடுவில் குந்திவிட்டாள்.

தொடக்கம்: இரண்டாயிரமாம் ஆண்டு, வெள்ளவத்தையில் மழை... [சீ, மழை வேண்டாம்.]

2
கனகேஸ்வரிக்குக் கொள்ளுப்பிட்டி ஒபிஸ் ஒன்றில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை. நாளைக்கு அவளுடைய புரோகிராம் ஓடினால் நியமனக் கடிதம். இல்லையென்றால், வடக்கிலிருந்து வந்த தமிழர் எல்லாரும் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவில் 'கொழும்பில் தங்குவதற்கான காரணம்' என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பல் டொக்டர் ஒருவரின் முந்நூறு நோயாளிகளுக்குக் கடிதம் அடிக்க வேண்டும். மூன்று திரெட், ஆளுக்கு நூறு. (திரெட் என்பது புரோகிராமுக்குள் தன்பாட்டில் ஓடும் வேலையாள். பிறக்கும், உழைக்கும், வேலை முடிந்தால் சாகும். ஏவிவிடுவது முதன்மைத் திரெட்.)

பன்னிரண்டு கடிதம் வந்ததும் புரோகிராம் மூடிக்கொண்டது.

"பன்னிரண்டு பேருக்குத்தான் பல்லிருக்காக்கும்," என்றான் பக்கத்து மேசை ஹியூபேட், கொட்டாஞ்சேனைக்காரன்.

"பகிடியை விட்டிட்டு வந்து பாருமன்!"

"ஐயோ, மூண்டையும் டீமன் எண்டு போட்டிருக்கிறீர். முதன்மை முடிஞ்சா இதுகளும் அரைவாசியில சாகும்."

"கெதியா மூடட்டும் எண்டு போட்டனான்."

வேறென்ன செய்வாள், பாவம்? இருட்டுமுன் ஆமி செக்பொயின்ற் தாண்ட வேண்டுமென்று எல்லாவற்றையும் கெதியாய் மூடிப் பழகியவள். டீமன் என்பதை எடுத்துவிட்டாள். முந்நூறும் வந்தன. ஆனால் முதன்மைத் திரெட் அடிக்கும் 'எல்லாம் முடிந்தது' என்ற கடைசித் தாள் முதலாவதாக வந்து விழுந்தது.

3
வெள்ளவத்தையில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் கேற்றில், வீட்டுக்கார அன்னபாக்கியம் அக்கா, அங்கே தங்கும் பெண்களின் பெயரெழுதிய பொலிஸ் பதிவுத் தாளோடு நின்றார். தினமும் அப்படித்தான்.

"கனகேஸ் வந்திட்டா. பேர்ணடெற் இன்னும் வரேல்லை."

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, தூறுது." [மழை வந்துவிட்டது. என் பேச்சை யார் கேட்கிறார்கள்?]

"அவள் வராமல் எப்பிடிப் பிள்ளை பூட்டுறது?"

கனகேஸ்வரி அங்கேயே நின்று சிரித்துவிட்டாள். முதன்மைத் திரெட் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி, அது முடியுமட்டும் காத்திருக்க வேண்டும். ஜாவாவில் அதற்கு 'ஜொயின்' என்று பெயர். மூன்றே வரி.

4
முடிவு அ: புரோகிராம் ஓடவில்லை. [வெட்டிவிட்டேன். இதில் விளையாட எனக்கு மனமில்லை.]

முடிவு ஆ: ஓடியது. கடைசித் தாள் கடைசியாகவே வந்தது. நியமனக் கடிதத்தோடு பஸ் ஏறினாள். பம்பலப்பிட்டி செக்பொயின்றில் பஸ்ஸை மறித்து, தமிழ் ஆட்களை மட்டும் இறக்கி, அவளுடைய கடிதத்தை வாங்கி

பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் நான் இப்போது எழும்பினால் அவளும் டீமன் மாதிரி அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இருக்கிறேன். உங்களுக்கு வேலையிருந்தால் போங்கள். போகும்போது கேற்றைப் பூட்டிவிடாதீர்கள், அக்கா தாளோடு நிற்கிறார், பேர்ணடெற் வந்துவிட்டாள், இன்னும் ஒரு பெயர்