மொய்ராவுக்குச் சொல்லக்கூடாது

நாகேஸ்வரிக்கு ஸ்கொட்லாந்து என்றால் ஒரே ஒரு தெருதான். மகள் நிரோஜாவும் மருமகன் பிரகலாதனும் கடை வைத்திருக்கிற அந்தச் சின்ன ஊரில் ஒரு பாலம், ஒரு தேவாலயம், சுற்றிவர மலையெல்லாம் செம்மறி. வேறென்ன இருந்தது? ஒரு கோடை முழுக்க அங்கே இருந்துவிட்டுத் தன் ஊரான புத்தூருக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் அந்த ஊரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. காரணம் பக்கத்து வீட்டு மொய்ரா.

மொய்ரா தனிக்கட்டை, பிள்ளைகுட்டி இல்லாதவள். நாள் தவறாமல் எதையாவது கிண்ணத்தில் மூடிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். ஒருவர் தும்மினாலும் ஊருக்கே தெரிந்துவிடுகிற இடத்தில், நிரோஜா முழுகாமல் இருப்பது மட்டும் மறைந்திருக்குமா? ஒரு நாள் மொய்ரா அவள் வயிற்றில் கை வைத்து ஆசையாக என்னவோ சொன்னாள். அடுத்த கிழமை கரு கலைந்துவிட்டது. டாக்குத்தர் ஏதேதோ விளக்கம் சொன்னார். நாகேஸ்வரி காதில் வாங்கவேயில்லை. கண்ணூறுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

அதனால் மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்றதும் புத்தூரில் இருந்தபடியே சட்டம் போட்டாள். ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. மொய்ரா வந்தால் கதவைத் திறக்கக்கூடாது. அவளுடைய நம்பரையும் போனிலிருந்து அழித்துவிட வேண்டும். நிரோஜா முதலில் சண்டை பிடித்தாள். ஆனாலும் ஒன்றை இழந்தவளுக்குப் பயம் வராமல் இருக்குமா, பிறகு அடங்கிப் போனாள். பெரிய கோட்டுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு நடந்தாள். நாகேஸ்வரியும் இங்கே அயலில் வாய் திறக்கவில்லை.

இன்று பின்னேரம் அவள் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அம்மா, நோகுது. பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டுது.”

“ஐயோ, எட்டு மாதம்தானே பிள்ளை! பிரகலாதன் எங்கை?”

“கடைக்குச் சாமான் எடுக்கப் போனவர். றோட்டெல்லாம் பனி மூடி வழியிலை நிக்கிறார். அம்புலன்சும் மலைக்கு அங்காலை நிக்குதாம். கறண்டும் இல்லை. போனிலை சார்ச் முடியப்போகுது அம்மா.”

நாகேஸ்வரியின் முற்றத்தில் நல்ல வெயில். அந்த வெயிலுக்குள் எழுந்து நின்றாள்.

“பக்கத்து வீட்டுக்குப் போ பிள்ளை.”

“என்னாலை எழும்ப ஏலாது. குசினி நிலத்திலை கிடக்கிறன்.”

“அப்ப போன் எடு. அவவைக் கூப்பிடு.”

“நம்பர் இல்லையே அம்மா. நீங்கள்தானே அழிக்கச் சொன்னனீங்கள்.”

நாகேஸ்வரிக்குத் தன்னுடைய வாயைத் தானே கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

“சுவரிலை தட்டு. குரல் வைச்சுக் கூப்பிடு!”

தட்டுகிற சத்தம் கேட்டது. “மொய்ரா!” என்று நிரோஜா ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு விம்மினாள்.

“அவவுக்குக் காது மந்தம், அம்மா. முந்தியெண்டால் விடிய வந்து எட்டிப் பார்ப்பா. எத்தினை தரம் வந்து வாசல்லை நிண்டவ, நான் திரைச்சீலைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டனான். இப்ப வாறேல்லை...”

அதோடு போன் செத்துப்போயிற்று. நாகேஸ்வரி திரும்பத் திரும்ப அடித்தாள். யாரோ ஒரு பெண் இங்கிலிசில் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் செய்தது புத்தியுள்ள யாரும் செய்கிற காரியமில்லை. இவ்வளவு காலமும் ‘அந்த மனுசி’ என்று மட்டும் சொல்லி வந்தவள், முற்றத்து நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

“மொய்ரா! மொய்ரா!”

தகர வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு அயல் வீட்டுக் கோபிகா ஓடிவந்தாள். அவளுடைய தாய் சின்னாச்சி அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஈரக்கையோடு வந்தாள். எதிர்வீட்டு முத்துக்குமாரு செருப்புக்கூடப் போடவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது.

“என்னக்கா, ஆருக்கு என்ன?”

“என்ரை பிள்ளைக்கு வலி வந்திட்டுது. ஒரு சனமில்லாமல் தனியக் கிடக்கிறாள்.”

“நிரோஜா பிள்ளைத்தாச்சியோ? ஒரு சொல்லும் சொல்லேல்லையே!” என்றாள் சின்னாச்சி. கோபிகா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒருத்தி முதுகைத் தடவினாள். இத்தனை கைகளும் இங்கே வந்து நிற்கின்றனவே என்று நாகேஸ்வரிக்கு நெஞ்சு வெடித்தது.

முத்துக்குமாருதான் கேட்டார்.

“ஏன் பிள்ளை, அங்கை பக்கத்து வீட்டிலை ஆரும் இல்லையோ?”