அடுத்த வீட்டு ரிலே

தாணுமாலையன் காலையில் கண் விழித்ததும் செல்போனில் பார்ப்பது தன் ரிலேயை அல்ல. அடுத்த வீட்டுக் கோமதிசங்கரின் ரிலேயை.

சேரன்மகாதேவியில் இருவருக்கும் சுவரை ஒட்டிய வீடுகள். இருவர் வீட்டிலும் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன பல்புக்கு ஆகும் மின்சாரம்தான் அதற்கு. தன்னை யாரென்று காட்டிக்கொள்ள அஞ்சும் ஒருவர் உலகில் எங்கிருந்தோ இணையத்தில் எதையாவது தேடினால், அந்தக் கேள்வி முன்பின் தெரியாத மூவரின் கணினிகள் வழியாகக் கைமாறிப் போகும். கேட்டவர் யார், கேள்வி எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற இரண்டும் நடுவில் நிற்கும் எவருக்கும் சேர்ந்தாற்போல் தெரியாது. அப்படிக் கைமாற்றிவிடுவதுதான் ரிலே. சம்பளம் கிடையாது, நன்றி சொல்ல ஆளும் கிடையாது.

"பேரே தெரியாதவனுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று மனைவி வேணி ஒருமுறை கேட்டாள்.

"தேரோட்டத்துல நீர்மோர் ஊத்துதவன் பேரு கேட்டா ஊத்துதான்?" என்றார் இயற்பியல் ஆசிரியரான தாணுமாலையன்.

நல்ல பதில்தான். ஆனால் மோர் ஊற்றும் அவர் கண், பக்கத்துப் பந்தலில் எவ்வளவு கூட்டம் என்பதிலேயே இருந்தது.

கோமதிசங்கருக்கு ரிலேயைப் பற்றிச் சொன்னதே அவர்தான். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளையும் ஒன்று வாங்கி வைத்தான். கொஞ்ச நாளில், ரிலேக்களைப் பட்டியலிடும் பொதுப் பக்கத்தில் அவனுடையதற்கு எதிரே 'நிலையானது' என்ற குறி வந்துவிட்டது. நிற்காமல் ஓடுவதற்குத்தான் அந்தப் பெயர். ஓடும் ரிலேக்கு அந்தப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, நின்றால் சிவப்பு. தாணுமாலையனுடையதோ வாரம் தவறாமல் ஒருதரம் நின்றுபோகும். மின்வெட்டைத் திட்டினார், கேபிள்காரரைத் திட்டினார். கோயிலில் கண்ணை மூடினாலும் அடுத்த வீட்டுக்காரனின் பச்சைப் புள்ளிதான் தெரிந்தது.

போதாததற்கு, நிற்கும்போதெல்லாம் அவன் போன் செய்வான்.

"அண்ணாச்சி, உங்க பெட்டி நின்னுட்டு போல."

"தெரியும்வே" என்று வெடுக்கென வைத்துவிடுவார். "குத்திக் காட்டுதான் பாரு" என்பார் வேணியிடம்.

"அக்கறையில சொல்லுதான். உங்களுக்குத்தான் எல்லாம் முள்ளு."

ஸ்ரீவைகுண்டத்தில் தங்கைக்கு வளைகாப்பு என்று வியாழக்கிழமை காலையில் கோமதிசங்கர் குடும்பத்தோடு கிளம்பினான். பிச்சிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மதியம் இடிமழை பெய்தது. சாயங்காலம் தாணுமாலையன் அந்த வீட்டைத் திறந்தபோது நடையில் இருந்த மின்பெட்டியில் ஒரு சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது. அலமாரியில் இருந்த குட்டிக் கணினியில் வெளிச்சம் இல்லை. சுவிட்சை மேலே தள்ள ஒரு விரல் போதும். அவர் கை உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது.

'செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தானே சொன்னான்?'

ஊற்றினார். பூட்டினார். வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்து, பச்சைப் புள்ளி சிவப்பாகியிருப்பதைக் கண்குளிரப் பார்த்தார். கை ஒரு பாவமும் செய்யவில்லை, சும்மாதான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஆற்றில் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். காப்பியோடு உட்கார்ந்து மறுபடி அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. கோமதிசங்கர்.

"அண்ணாச்சி, வச்சிராதீங்க. உங்க பெட்டி நின்னிருக்கு."

"என் பெட்டியா?"

"ஆமா. ரொம்ப நாளா சொல்லணும்னு பாக்கேன், நீங்க டப்புனு வச்சிருதீங்க. அது வெள்ளிக்கிழமை காலையிலதான் நிக்குது. மதினி பூசையறை துடைக்கையில பிளக்கைப் புடுங்குதாங்களோ?"

தாணுமாலையன் திரும்பிப் பார்த்தார். கேபிள்காரர் வயரைப் பூசையறை ஜன்னல் வழியாக இழுத்ததால் பெட்டியும் அங்கேதான் இருந்தது. உள்ளே வேணி ஈரத்துணியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளக் கழன்று தொங்கியது.

"ஷாக் அடிச்சிரும்லா?" என்றாள் அவர் பார்வையைக் கண்டு. "ஈரம் காஞ்சு விளக்கேத்துனதும் எப்பவும் திருப்பி மாட்டிருவேனே."

மற்ற வெள்ளிகளில் அவர் ஆற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் திரும்புவதற்குள் அது முடிந்திருக்கும். அடுத்தவன் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் வீட்டு நாள்கணக்கு தெரியவில்லை.

"அங்கன உன் பெட்டி..." என்று இழுத்தார்.

"அது நேத்தே நின்னுட்டு. கிடக்கட்டும் அண்ணாச்சி, வந்து பாத்துக்கிடுதேன். மழைக்குள்ள உங்களை எதுக்கு அலையவிடணும்?"

சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். தனக்கென்று கேட்கக் கூசியவன், இவருக்காகப் போன் செய்திருக்கிறான்.

"சங்கரு" என்றார். "சுவிட்சு விழுந்து கிடந்துச்சு. நேத்தே பாத்தேன். பாத்துட்டு, தொடாம வந்துட்டேன்."



"ஏன் அண்ணாச்சி?"

"பொறாமைதான்வே. வேறென்ன."

அவன் சிரித்தான். கொஞ்சம் வலித்த சிரிப்பு. "சரி, தண்ணியாவது ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்."

"அப்போ பாதி வேலை முடிஞ்சுது. மீதியைப் பைய முடிச்சிருங்க."

தாணுமாலையன் காப்பியை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"எங்க போறீங்க?" என்றாள் வேணி. "நம்ம பெட்டி இங்கன இருக்கு. இப்பவே மாட்டணுமா?"

"ஈரம் காயட்டும், பொறு" என்றார், சாவியை எடுத்தபடி. "முதல்ல அவனுது."