மதியத்தில் காணாமல் போன மீன்கள்

என்னை மீன் திருடி என்று சொன்னார்கள். அதுவும் எந்த மீனை? சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீனை. வறுத்தால் ஊற்றிய எண்ணெய்க்குக்கூடக் கட்டாத அதை இவள் எதற்குத் திருடப் போகிறாள் என்று யோசிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பெயர் அஞ்சலாட்சி. காலை முதல் பஸ்ஸில் தவளக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து, முசியே ஆதிமூலம் வீட்டில் சமைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்புவேன். ஏழு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. முசியேவின் வீட்டுக்குள் மட்டும் அது இறங்கவே இல்லை. கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து பென்ஷனில் வந்தவர். ஐயா என்று கூப்பிட்டால் காது கேட்காது, முசியே என்றால்தான் திரும்பிப் பார்ப்பார்.

சைகோனில் இருந்த அவருடைய தம்பி லீவில் வந்தபோது, தண்ணீருக்குள் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. கூடத்தில் இடுப்புயர மேஜை போட்டு, அதன்மேல் கண்ணாடித் தொட்டி வைத்தார். வைத்திக்குப்பத்து பலராமன் தினமும் இரண்டு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவான். கடலுக்கு அடியில் வலை மாட்டிக்கொள்கிற பாறைத் திட்டை அவர்கள் பார் என்பார்கள். அந்தப் பாரிலிருந்து பெயர்ந்து வந்த ஓட்டைக் கற்கள் நாலைந்தையும் அவனே கொண்டுவந்து அடுக்கினான். கல்லில் பச்சைப் பாசியும், பூப்போல விரிந்து சுருங்கும் ஏதேதோவும் ஒட்டிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பலராமன் பிடித்துவந்த மீன்களுக்கு முசியே கோர்ட்டுப் பெயர்களாக வைத்தார். மஞ்சளில் கறுப்பு வரி போட்ட பெரிய மீன் ப்ரெசிதான், அதாவது தலைமை நீதிபதி. நீலமாக இருந்தது ப்ரோக்குரேர், அரசாங்க வக்கீல். எப்போதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த இரண்டும் அவொக்கா, வக்கீல்கள். இருட்டில் மீன்கள் பயப்படும் என்று ராத்திரி முழுக்கத் தொட்டிக்கு மேலே பல்பு எரியவிடுவார். அவருடைய சம்சாரம் தனக்கொடியம்மா, "என் ரூம்ல பல்பு ஃப்யூஸ் ஆயி ஒரு மாசமாச்சு, அதுக்குக் கண்ணு இல்ல இந்த மனுசனுக்கு" என்பார்.

இந்த ஊரில் மதியம் என்றால் தூக்கம். பன்னிரண்டரைக்குக் கடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். முசியே அதைச் சியஸ்த் என்பார். சாப்பிட்ட கையோடு கூடத்துச் சன்னல் கதவுகளை எல்லாம் இழுத்துச் சாத்துவார், வெயில் துளி உள்ளே வரக் கூடாது. கல்யாணத்தன்று மதியம்கூடத் தூங்கிய மனுஷன் அவர். அம்மாவும் தூங்குவார், தெருவே தூங்கும். நான் மட்டும் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டு விழித்திருப்பேன். வினை அங்கேதான் வந்தது.

முதலில் ஒரு வக்கீலைக் காணோம். நாலு நாள் கழித்து இன்னொரு வக்கீல். தொட்டியின் அடியில், கல்லோடு வந்த நத்தைகளின் ஓடுகள் உடைந்து கிடந்தன. குட்டி நண்டு ஒன்றின் முதுகோட்டில் பொத்தல். பிறகு ப்ரோக்குரேரும் போய்ச் சேர்ந்தது. குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? தொட்டி வைத்த நாளிலிருந்தே நோட்டுப் போட்டுக் காலை, மதியம், மாலை என்று மீன்களை எண்ணி எழுதி வந்தார். மூன்றுமே மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணிக்கும் நடுவில்தான் காணாமல் போயிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூடத்தில் நிறுத்திவைத்து விசாரித்தார். "அந்த நேரத்துல இந்த வீட்ல முழிச்சிருந்தது யாரு?"

"நான்தான்."

"நத்தை ஓட்டை ஒடைச்சது யாரு? கரண்டியால தட்டினியா?"

"என் கரண்டிக்கு வேற வேலை இல்ல பாருங்க! ஏழு வருஷமா ஒங்க வீட்டு வஞ்சிரத்தையே நான் ஒரு துண்டு கூட எடுத்து வச்சுக்கிட்டதில்ல. இந்தப் பொடி மீனையா திங்கப் போறேன்?"

"நீ திங்கலன்னா பூனைக்குப் போட்டிருப்ப. இன்னும் ஒண்ணு போச்சுன்னா, அந்த ப்ரெசிதான் போச்சுன்னா, நீ நாளையிலேர்ந்து வர வேணாம்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயந்திரம் நான் கிளம்பும்போது வாசலில் வைத்து என் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுச் சமையற்காரி சின்னப்பாப்பா பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நாளைக்குள் தெருவில் இருக்கிற அத்தனை அடுப்படிக்கும் சேதி போய்விட்டது. பஸ்ஸில் ஒருத்தி, "யக்கா, என்னா கொழம்பு வச்ச அந்தக் கண்ணாடி மீன்ல?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். திருடி என்று ஒரு வீட்டில் பெயர் எடுத்தால் அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அடுப்பைத் தொட விடமாட்டார்கள். வேலை போவது ஒரு பக்கம், இந்தப் பெயரோடு நான் எங்கே போய் நிற்பது?

திங்கட்கிழமை மதியம் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்தில் தொட்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். திருடன் வரட்டும், பூனையோ பல்லியோ, இன்றைக்கு அது தொலைந்தது என்று விளக்குமாற்றையும் மடியில் வைத்துக்கொண்டேன். சன்னல் இடுக்கு வழியாக ஒரே ஒரு கீற்று வெளிச்சம் தொட்டிமேல் விழுந்தது. உள் அறையில் முசியேவின் குறட்டை.

அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் "டக்" என்று சத்தம் கேட்டது. அட, இந்தச் சத்தத்தைத் தினமும் மதியம் பின்கட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்! சைகோன் மோட்டார் என்று நினைத்துச் சும்மா இருந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சத்தம் தொட்டிக்கு உள்ளேயிருந்து வந்தது. பெரிய கல்லின் ஓட்டையிலிருந்து இரண்டு கண்கள் வெளியே வந்தன. காம்பு முனையில் இருந்த கண்கள், ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமுமாகச் சுழன்றன. பின்னாலேயே பச்சையும் சிவப்புமாக விரல் நீளத்தில் ஓர் உடம்பு. இறால் என்று சொல்லலாம், ஆனால் நான் உரித்த இறால் எதுவும் இப்படி இல்லை. முன்கை இரண்டையும் மார்பில் மடக்கி வைத்திருந்தது. ஒரு நத்தையை உருட்டி வந்து, கை நீண்டதைப் பார்ப்பதற்குள் "டக்", ஓடு இரண்டாகப் போனது.

"அடிப்பாவி! நீதானா?" என்று கத்திவிட்டேன்.

முசியே வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து சன்னலைத் திறந்தார். வெளிச்சம் வந்ததும் அது ஓட்டைக்குள் போய்விட்டது. கல்லும் ப்ரெசிதானும்தான் தெரிந்தன.

"நல்லா ஜோடிக்கிற கதையை," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "முசியே, முப்பது வருஷம் கோர்ட்ல இருந்தீங்களே, நான் எடுத்ததை நேர்ல பார்த்த சாட்சி யாரு? நீங்களா? நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. தூங்கினவரு எழுதின நோட்டு எந்தக் கோர்ட்ல செல்லும்?"

தனக்கொடியம்மா உள்ளேயிருந்து, "சரியாத்தான் கேக்குறா, பதில் சொல்லுங்க," என்றார். முசியேவின் வாய் திறந்து மூடியது, செத்துப்போன வக்கீல்கள் ஞாபகம் வந்தது எனக்கு.

மறுநாள் மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் முசியே நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அது வந்தது, நத்தையைத் தின்றது, போனது. அம்மாவும் நானும் பார்த்தோம். எழுப்பிச் சொன்னால், "பெண்டாட்டி சாட்சி செல்லாது," என்கிறார். அதற்கு அடுத்த நாள் அம்மா அவர் தொடையில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கண் சொருகும்போதெல்லாம் ஒரு கிள்ளு. ஏழெட்டுக் கிள்ளு ஆனபின் "டக்" கேட்டது.

முசியே பார்த்தார். இந்த முறை அது நத்தையிடம் போகவில்லை. கல்லோரம் அசையாமல் நின்ற ப்ரெசிதானை நோக்கிப் போனது. "மோன் தியூ! ப்ரெசிதான்!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு அலறி, சட்டையோடு கையைத் தொட்டிக்குள் விட்டார். அடுத்த நொடி அவர் போட்ட கூச்சலில் நானே பயந்துபோனேன். வெளியே எடுத்த கட்டைவிரல் நகம் பிளந்து ரத்தம் வந்தது. ப்ரெசிதானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் கொண்டுவந்த பலராமன் விரலைப் பார்த்ததும் சொல்லிவிட்டான். "இதுங்களா? பாரு ஓரத்துல வலை போட்டா வரும். நாங்க கையாலேயே தொடமாட்டோம், கம்பால தட்டிவுட்டுடுவோம். நான் போட்ட கல்லுக்குள்ளதான் இருந்திருக்கு. சத்தமில்லாம இருட்டா இருந்தாத்தான் வெளிய வரும்."

ராத்திரி பல்பு, பகலில் ஆள் நடமாட்டம். பாவம், அதற்கு இந்த வீட்டில் இருட்டும் அமைதியும் மதியத்தில்தான் கிடைத்திருக்கிறது. கட்டுப்போட்ட விரலோடு முசியே படம் போட்ட பெரிய பிரெஞ்சு அகராதியைப் புரட்டி, "இதோ, ஸ்கிய்!" என்று அதன் பிரெஞ்சுப் பெயரைக் காட்டினார். படத்திலும் அதே மடக்கிய கை. பலராமன் கல்லோடு அதைத் தூக்கி வாளியில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோனான்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் முசியே ஒரு காகிதத்தை நீட்டினார். முத்திரையெல்லாம் குத்தியிருந்தது. அஞ்சலாட்சி என்பவர் குற்றமற்றவர் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நல்ல கையெழுத்து.

"இது எனக்கு வேணாம்," என்றேன்.

"ஏன், என்னா கொறை?"

"வாசல்ல வச்சு என் பையைக் கொட்டினீங்களே, அதைக் காகிதத்துலயா எழுதிக் காட்டினீங்க? தெருவே பார்த்துச்சு. நான் இதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி படிங்க படிங்கன்னு நிக்கணுமா? வாயால சொல்லுங்க, வெளிய போயி." அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

முசியே காகிதத்தை மடித்தார். "சாயந்திரம் சொல்றேன்," என்றார் மெதுவாக.

"இப்ப," என்றார் தனக்கொடியம்மா.

மணி ஒன்றரை. வெயில் கொளுத்தியது, தெருவில் ஒரு சன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் சத்தம் போடுகிறவர்களை அவரே எத்தனை தடவை திட்டியிருக்கிறார். மேல்சட்டைகூட இல்லாமல், கட்டுப்போட்ட விரலோடு நடுத்தெருவில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! அஞ்சலாட்சி திருடலை! தப்பு என்னோடது!"

படபடவென்று சன்னல்கள் திறந்தன. "யாருய்யா அது, சியஸ்த் நேரத்துல?" என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார். சின்னப்பாப்பா தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடி வந்தாள். முசியேவுக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் மாடியை அண்ணாந்து பார்த்து மறுபடியும் சொன்னார்.

"போதும் முசியே, வெயில்ல நிக்காதீங்க, வாங்க," என்றேன்.

அவர் வரவில்லை. தெருமுனையில் இருந்த வீட்டுச் சன்னல் மட்டும் இன்னும் திறக்கவில்லை. செருப்பில்லாமல் சுடும் மண்ணில் அதுவரைக்கும் நடந்துபோய், அந்தச் சன்னலுக்குக் கீழே நின்று மூன்றாவது தடவையாகவும் சொன்னார்.