மோட்டார் ரூமில் குடித்தனம்

திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வழியில், எங்கள் தோட்டத்துக் கிணற்றோரம் ஒரு வீடு இருந்தது. இப்போது இல்லை. அதன் சரித்திரத்தை எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. ஏனென்றால் அதை வீடு என்று சொன்னவனே நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது மோட்டார் ரூம்.

கரண்டு வந்த வருஷம், ஐம்பத்தைந்தில், அப்பா அதைக் கட்டினார். மண் சுவர், நாட்டு ஓடு, ஒரே கதவு. முதலில் குடிவந்தது மோட்டார். அடுத்து ஒரு சாரைப்பாம்பு. மூன்றாவதாக நான், அர்த்தநாரி, புது மனைவி வசந்தாமணியோடு குடிபோனேன். பாம்பு அன்றைக்கே காலி செய்துவிட்டது. அதற்கு இருந்த விவரம் எனக்கு இல்லை.

அப்பா காலமான பிறகு பாகம் பிரித்தோம். பெரிய வீடு அண்ணன் கந்தவேலுக்கு. அதற்கு ஈடாக எனக்குக் கொஞ்சம் நிலம் கூடுதல். நான் தனியாக வீடு கட்டும்வரை அங்கேயே இருக்கலாம் என்று பேச்சு. இருந்திருக்கலாம். ஒருநாள் விருந்துக்கு வந்த என் மாமனாரிடம் அண்ணன், "இவன் போட்ட வரப்பப் பாருங்க, மாடு மூத்தரம் பேஞ்சாப்புல இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். வரப்பு கோணல்தான். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இனி உங்கள் முகத்தில் முழிப்பதில்லை என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். கிணறும் மோட்டாரும் பொது, தண்ணீர் ஒருநாள் அவருக்கு, மறுநாள் எனக்கு என்பது அந்தக் கோபத்தில் ஞாபகம் வரவில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியோ எங்கள் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில். அவருடைய முறையன்று விடிந்ததும் அண்ணன் வெளியே நின்று இருமுவார். வசந்தாமணி கதவைத் திறப்பாள். அவர் தலையைக் குனிந்தபடி வந்து மோட்டாரைப் போட்டுவிட்டுப் போவார். பேச வேண்டியிருக்குமே என்று நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். தலைமாட்டில் மோட்டார் ஓடும்போது தூங்குகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"ஏனுங்க, நீங்களே ஒரு வார்த்த பேசிருங்களே," என்பாள் வசந்தாமணி. "நாளைக்கு ஒரு கொழந்தன்னு பொறந்தா அதுக்கொரு ஊடு வேணுமில்லீங்களா?"

"மொதல்ல அவரு பேசட்டும்."

மூன்று வருஷம் இப்படியே போனது. அதற்குள் ஒரு வீடு கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அண்ணன் எப்படியும் வந்து கூப்பிடுவார், அப்போது கட்டின வீடு வீணாகிவிடுமே என்றுதான் கட்டவில்லை.

அறுபத்தொன்றில் வசந்தாமணி உண்டானாள். பிரசவத்துக்கு இளம்பிள்ளை ஊரில் இருந்த அவள் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்து வைத்திருந்தோம். குழந்தை நாள் பார்க்கவில்லை. எட்டாம் மாதமே மோட்டாருக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை, சுண்டெலி மாதிரி இருந்தாள். மருத்துவச்சி முத்தாயம்மாள், தீட்டுக் கழியும்வரை ஆண்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி என்னை வேப்பமரத்தடிக்கு விரட்டினாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அண்ணன் காட்டில் சின்ன வெங்காயம் காய் பிடிக்கிற பருவம். நான் போட்டிருந்தது மானாவாரிக் கடலை, எனக்குத் தண்ணீர் அவசரமில்லை. முன்பு கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளை மோட்டார் வந்ததுமே விற்றாயிற்று. இனி அண்ணன் மரத்தடிக்கு வந்து, "அர்த்தநாரி, உள்ள சொல்லி மோட்டாரப் போடச் சொல்லு" என்று என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகிக்கூடப் பார்த்தேன்.

அண்ணன் வரவில்லை. வெங்காயத் தாள் நுனி கருகியது. பிறகு பாத்தி பாத்தியாகக் காய்ந்தது. என்ன வீம்பு பிடித்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

தீட்டுக் கழிந்து உள்ளே போன அன்று வசந்தாமணியிடமும் அதையே சொன்னேன். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு மொறைக்கு மொற வந்தாருங்க. நீங்க மரத்தடியில நெசமாவே தூங்கீட்டிருந்தீங்க. நான் கட்டில்ல இருந்தே, 'போட்டு உடறனுங்க மாமா'ன்னேன். 'வேண்டாஞ்சாமி, அந்தச் சத்தத்துக்குப் பச்சப்புள்ள பயந்துக்கும்'னு சொல்லீட்டுப் போயிட்டாரு."

வெளியே வந்து அண்ணன் காட்டைப் பார்த்தேன். பச்சை என்று ஒரு தாள் இல்லை. என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. அது எனக்கு வராது. கடப்பாரையை எடுத்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் வசந்தாமணி.

"ஊட்ட இடிக்கறேன். இது நின்னுதுன்னா அடுத்த சண்டைக்கும் நான் இங்கதான் வந்து படுப்பேன்."

குழந்தையோடு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓட்டைப் பிரித்தேன், சுவரைத் தள்ளினேன். ஸ்டார்ட்டர் இருந்த சுவரை மட்டும் விட்டேன். அவ்வளவு புத்தி மிச்சமிருந்தது. எல்லாம் முடிந்து நான் வேர்வையைத் துடைக்கும்போது கேட்டாள்.

"பெரிய மாமங்கிட்டக் கேட்டுட்டீங்களா?"

"இனிமேத்தான்."

"அவரு ஆகாதுன்னுட்டா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. கைக்குழந்தைக்கு இருந்த ஒரே கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்றேன். வசந்தாமணி எழுந்து முன்னால் நடந்தாள்.

அண்ணன் களத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால், தோட்டத்தில் வெட்டவெளியில் நின்ற மோட்டாரைப் பார்த்தார். அவர் போ என்று சொன்னால் போவதற்கு இடமில்லை. வசந்தாமணி முந்தானையால் குழந்தையின் தலையை மூடினாள்.

"ஏண்டா," என்றார் அண்ணன். "மோட்டார வெயில்லயும் மழையிலயும் உட்டுப்போட்டு ஊட்ட இடிச்சிருக்கறயே, அறிவிருக்குதா உனக்கு?"

"இல்லீங்ண்ணா," என்றேன்.

அவர் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.