இடது காலின் வழக்கு

"நாலாவது கியர்ல போடச் சொல்லு" என்றார் மீட்டர்காரர், கண்ணைத் திறக்காமலே.

டீச்சர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "நாலாவதுல போடச் சொல்றாரு!" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

வாசலில் நின்ற பழைய காரின் பானெட்டுக்குள் தலையைக் கொடுத்திருந்த அவள் தம்பி, தலையை வெளியே எடுக்கவில்லை. "ஹேண்ட்பிரேக் போட்டாச்சு. சக்கரத்துக்குக் கல்லு வெச்சாச்சு. நாலாவதுலதான் இருக்கு. அடுத்தது என்னன்னு கேளுக்கா."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருந்தது. கட்டிலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சுவர், ஒரு செடித்தொட்டி, அவ்வளவுதான். தம்பி மூக்கை உறிஞ்சினால்கூட மீட்டர்காரருக்குக் கேட்கும். ஆனாலும் இருவரும் டீச்சர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகவே அப்படித்தான்.

வேலையில் இருந்தவரை ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர் அவர். ஓய்வு பெற்றும் பெயர் மட்டும் ஓயவில்லை. அவளும் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து நாளாகிவிட்டது. ஆனாலும் தெருவுக்கு அவள் டீச்சர், கட்டிய கணவருக்கும் டீச்சர்தான். தம்பி அச்சகம் வைத்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, மாப்பிள்ளையிடமே போய், "நீங்க பேரை மாத்திக்கக் கூடாதா" என்று கேட்கக்கூடிய ஆள்.

சண்டையும் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போதுதான் வந்தது. மண்டபத்துக்கு ஏறும் மேட்டில் கார் உறுமு உறுமென்று உறுமியது, நகரவில்லை. கருகின வாசனை வேறு. கல்யாணத்துக்கு வந்தவர்கள் நல்ல உடுப்போடு பின்னால் நின்று தள்ளினார்கள். வண்டி மேலே ஏறியதும் தம்பி கீழே இறங்கி, அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "அத்தான் எப்பப் பாத்தாலும் இடது காலை கிளட்ச் மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டுவாரு. பிளேட் தேஞ்சு போச்சு. எல்லாம் அந்தக் கால் செஞ்ச வேலை."

"என் காலா?" என்றார் அவர். "என் வண்டில ஸ்பேனரைக் கொண்டுபோய் நோண்டினது யார் கை?"

அதுதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு. அதற்காகத் தம்பி வீட்டுக்கு வராமல் இருந்தானா என்றால் அதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்காருவான். "உன் தம்பிக்கு டீ வேணுமா கேளு" என்பார் அவர். "சர்க்கரை கம்மியான்னு அவர்கிட்ட கேளு" என்பான் இவன். டீச்சர் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். மெக்கானிக்கிடம் விட்டுப் பார்க்கலாம் என்று மகள் ஒருநாள் சொன்னபோது, "நம்ம வீட்டு விஷயத்துல மூணாவது மனுஷன் எதுக்கு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இன்று காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, டீச்சரைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். இன்றோ நாளையோ என்றார். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். டீச்சர் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன் கட்டில் பக்கத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, கண் கலங்கி, கடைசியில் அக்காவிடம் திரும்பி, "எப்படி இருக்காருன்னு கேளுக்கா" என்றான்.

அவளுக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த டம்ளரை அவன் தலையில் போட்டிருப்பாள். சாகக் கிடக்கிற மனுஷனிடம்கூடவா வீம்பு? இவர் போய்விட்டால் இந்த மடையன் ஆயுசுக்கும் அழுதுகொண்டு இருப்பான், அதைத் துடைப்பதும் என் தலையில்தான் விழும் என்று நினைத்தாள். போவதற்குள் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இரண்டு பேரும் நேராகப் பேசிவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு இப்போது வேண்டியிருக்கவில்லை.

"நல்லா இருக்கேன்னு சொல்லு" என்றார் மீட்டர்காரர். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "வண்டிய எடுக்கச் சொல்லு டீச்சர். என் கால்ல தப்பில்லன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போயிடறேன்."

அப்படித்தான் இந்த விசாரணை ஆரம்பித்தது. மகள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வாசலில் சும்மாவே நின்ற வண்டிதான் என்றாலும் பேட்டரிக்கு மட்டும் அவள் குறை வைத்ததில்லை. அப்பா படுத்துக்கொண்டே அவ்வப்போது, "ஸ்டார்ட் பண்ணிக் காட்டு" என்பார், அதற்காக.

"இப்போ கிளட்ச்சை மெதுவா விடணும்" என்றார் அவர். "கிளட்ச் நல்லா இருந்தா இன்ஜின் திணறி நின்னுடும். நிக்காம உறுமிக்கிட்டே இருந்தா வழுக்குதுன்னு அர்த்தம்."

டீச்சர் அதைச் சொன்னாள். மகள், "எனக்கே அப்பா பேசுறது கேக்குதும்மா, நீ எதுக்குக் கத்துற?" என்றாள்.

"நீ சும்மா இரு!" என்றார்கள், உள்ளேயிருந்து ஒருவர், பானெட்டுக்குள்ளிருந்து ஒருவர்.

மகள் கிளட்ச்சை விட்டாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீட்டர்காரரின் இடது காலும் அவளோடு சேர்ந்து மெதுவாக மேலே வந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள். இன்ஜின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது, நாய் மாதிரி.

"பாத்தியா!" தம்பி நிமிர்ந்தான். மூக்கில் கிரீஸ். "வழுக்குது. பிளேட் போச்சு. நான் அன்னிக்கே சொன்னேன். சொல்லுக்கா அவர்கிட்ட."

"வழுக்குதுன்னு மட்டும்தான் தெரியுது" என்றார் அவர், அமைதியாக. "ஏன் வழுக்குதுன்னு இன்னும் தெரியல. உன் தம்பி எப்பவும் பாதி கணக்குலயே பேனாவை மூடிடுவான். பெடல் பக்கத்துல குனிஞ்சு கையால அமுக்கிப் பாக்கச் சொல்லு. கால் வேண்டாம், கை. கைக்கு வெயிட் தட்டுறதுக்கு முன்னாடி சும்மா எவ்வளவு இறங்குது?"

தம்பி முனகிக்கொண்டே கதவைத் திறந்து, மகளின் செருப்புக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோனான்.

"என்னடா?" என்றாள் டீச்சர்.

"இறங்கல" என்றான் தம்பி. குரல் முன்பு போல இல்லை. "தொட்ட உடனே வெயிட் தட்டுது."

"ஆங்" என்றார் மீட்டர்காரர். அந்த ஒரு சத்தத்தில் அத்தனை சந்தோஷம். டீச்சருக்கே சிரிப்பு வந்தது. "அப்போ நாம யாரும் கால் வைக்காமலே எவனோ ராத்திரி பகலா கிளட்ச்சைப் பாதி மிதிச்சுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். அவன் பேரு கிளட்ச் கேபிள். யாரு அதை அவ்வளவு இறுக்கினதுன்னு கேளு டீச்சர்."

டீச்சர் கேட்டாள். தம்பி மெதுவாகக் காரிலிருந்து தலையை வெளியே எடுத்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம், கியர் விழும்போது கர்ரென்கிறது என்று சொல்லி, இதே ஸ்பேனரோடு இதே பானெட்டுக்குள் குனிந்து கிடந்தவன் அவன்தான். அது அந்தத் தெருவுக்கே தெரியும்.

"அது... அப்போ கியர் சரியா விழல" என்றான் கடைசியில், பொதுவாக, செடித்தொட்டியிடம். "லூஸ் பண்ணிப் பாத்தாலும் பிளேட் கருகித்தான் இருக்கும். வழுக்கத்தான் போகுது."

"பாக்கச் சொல்லு" என்றார் அவர். குரல் தேய்ந்து போயிருந்தது. டீச்சர் அவர் நெற்றியைத் தொட்டாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஜெயிச்சா உன் தம்பி முகம் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு, என்ன?" என்றார்.

"சொல்றேன். பேசாம படுங்க."

தம்பி மறுபடி பானெட்டுக்குள் குனிந்தான். ஸ்பேனர் நட்டில் மாட்டும் சத்தம், பிடிவாதமாக இருந்த நட்டு கிரீச்சிட்டு இளகும் சத்தம். அவன் என்னவோ சொல்ல மகள் கலகலவென்று சிரித்தாள். டீச்சர் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் இன்னொரு கையால் அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு லூஸ் பண்ணணும்னு கேளுக்கா!"

அவள் திரும்பினாள். கேட்க வாயெடுத்தவள் நிறுத்தினாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது, உதட்டு ஓரத்தில் அந்த "ஆங்" இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் அவள் விரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். இடது கால் பாதி மடங்கியபடி, எதையும் மிதிக்காமல், சும்மா இருந்தது.

இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிய நேரம் பார்த்தா போவீர்கள் என்று அவளுக்கு அவரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"அக்கா! எவ்வளவு?"

இப்போது கத்தினால் ஸ்பேனர் கீழே விழும். மகள் வண்டியை விட்டுவிட்டு ஓடிவருவாள். வழக்கு பாதியில் நிற்கும். கால் மேல் போட்ட பழி கால் மேலேயே இருக்கும். தம்பியும் கடைசிவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாதவனாகவே ஆகிவிடுவான். டீச்சர் தொண்டையைச் செருமினாள். இவ்வளவு நாள் இங்கேயும் அங்கேயும் தபால் கொண்டுபோனவள் இன்னும் ஒன்றிரண்டு கொண்டுபோனால் குறைந்தா போய்விடும்?

"ரெண்டு விரல் சும்மா இறங்கணுமாம்!" என்றாள், எப்போதும் போலக் குரல் கொடுத்து. "அதுக்கப்புறம்தான் வெயிட் தட்டணுமாம்!"

"ரெண்டு போதுமாமா? மூணு வேண்டாமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தூங்கப் போகும்போது என்று ஒரு வருஷமாக அவர் சொல்லிக் கேட்டுப் புளித்துப்போன பாடம். எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மூணு விட்டா கிளட்ச் முழுசா விடாதாம். கியர் விழும்போது கர்ருன்னு கத்துமாம். கத்தினா நீ மறுபடி ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வருவியாம்!"

தெருவில் தம்பி சிரித்தது கேட்டது. "குசும்பு மட்டும் குறையல பாரு மனுஷனுக்கு" என்றான்.

டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மகள் கையால் பெடலை அமுக்கிப் பார்த்து, "ரெண்டு விரல் மாமா, கரெக்டா இருக்கு" என்றாள். ஹேண்ட்பிரேக். நாலாவது கியர். இன்ஜின் உறுமியது. மகள் கிளட்ச்சை மெதுவாக விட்டாள். டீச்சரின் கண் தன்னையறியாமல் கட்டிலின் கால்மாட்டுக்குப் போயிற்று. அங்கே எதுவும் அசையவில்லை.

வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. திணறியது. நின்றது.

"நின்னுடுச்சு! அம்மா, நின்னுடுச்சு!" மகள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கத்தினாள். "வழுக்கல! அப்பாகிட்ட சொல்லு, கிளட்ச் ஜம்முன்னு இருக்கு!"

தம்பி இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் நின்றது. அவன் பானெட்டை மூடி அதன் மேல் கையை ஊன்றினான். பிறகு ஸ்பேனரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். டீச்சர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதால் அவனுக்குக் கட்டில் தெரியவில்லை. அவன் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. மூக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது. அவன் முகம் எப்படி இருக்கிறது என்று டீச்சர் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அறைக்குள் பார்த்துச் சொன்னான்.

"அத்தான்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த அந்தச் சொல் அவன் வாயிலேயே கொஞ்சம் தடுக்கியது.

"அத்தான், நீங்க சொன்னதுதான் சரி. பிளேட்டுக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் கேபிளை இறுக்கி வெச்சுட்டேன். உங்க கால் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன் பாருங்க, அது என் தப்பு."

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வீம்பு இன்னும் போகவில்லை என்று நினைத்தானோ என்னவோ, தம்பி லேசாகச் சிரித்தான். பிறகு பழக்கதோஷத்தில் அக்காவிடம் திரும்பினான்.

"கேட்டுச்சான்னு கேளுக்கா."

டீச்சர் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுச்சாம்டா" என்றாள். "கையைக் கழுவிட்டு உள்ள வா. அவளையும் கூட்டிட்டு வா."

அவர்கள் வருவதற்குள், பாதி மடங்கியிருந்த இடது காலை மெதுவாக நீட்டி வைத்து, போர்வையை இழுத்து மூடினாள்.