சொல்யூஷன் போட்டு ஒட்டிய போன்

“அழுத்தாதீங்க மாமா! உள்ள இருக்கிற கார்டு ஒடைஞ்சிட்டா அவ்ளோதான்!”

கிறிஸ்டினா போட்ட சத்தத்தில், கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்களே ஒரு நொடி ஓய்ந்துவிட்டார்கள். அவள் அப்பா இருதயராஜ் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்று ஷிப்ட் முடிந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவில்லை. வாசல் பந்தலிலோ, அவரோடு ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டிய வாஹித் பாஷா, இருதயராஜின் பழைய போனின் பின்மூடியை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். கைக்குக் கிடைத்தது ஆதார் படம் ஒன்றுதான். அதில் அப்பா கோழி திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிப்பார். ஒரு நிமிஷம் சிரிக்காமல் இருக்கத் தெரியாத மனுஷனை அந்த மூஞ்சியோடு கல்லறைக்கு அனுப்புவதா? கிறிஸ்டினாவுக்கு மனசு கேட்கவே இல்லை. அவர் சிரித்த படமெல்லாம் அந்தப் போனுக்குள் இருந்தது.

பழைய போன் என்றால் அப்பாவுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வேலூர் லாங் பஜாருக்குப் போய்விடுவார். அடிமாட்டு விலைக்கு வரும் போனைக் காதருகே வைத்துக் குலுக்குவார், சார்ஜ் போடும் ஓட்டையை மோந்து பார்ப்பார், மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றுவார். “கையால கழட்ட முடியலன்னா அது போன் இல்ல, செங்கல்லு” என்று வைத்துவிட்டு வந்துவிடுவார். வாங்கியதைப் பிரித்து மாட்டி உயிர் வரவழைத்ததும், கேமரா வேலை செய்கிறதா என்று தன்னையே ஒரு படம் எடுப்பார்.

அவ்வளவு சட்டம் பேசியவர், இந்தப் போனின் மூடி லூசாக இருக்கிறதென்று கம்பெனியில் சோல் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி ஒட்டித் தொலைத்திருந்தார். போனோ ஆன் ஆவேனா பார் என்கிறது. படம் இருக்கும் மெமரி கார்டு மூடிக்கு அடியில்.

“உங்கப்பன் ஒட்டுன சோலு தேயுமே தவிர பிரியாது பாப்பா,” என்றார் வாஹித் பாஷா, கண்ணைத் துடைத்துக்கொண்டே பெருமையாக. “சூடு காட்டுனாதான் உடும். அந்த டீய எடு.”

ஆவி பறந்த டீ டம்ளரைப் போனின் முதுகில் வைத்தார்கள். கம்பெனி ஆட்கள் சுற்றிக் குந்திக்கொண்டார்கள்.

“ஜாஸ்தி சூடு வேணாம் பாய், பேட்டரி உப்பிக்கும்.”

“கம்மியா இருந்தா இன்னாத்துக்கு ஆவும்? நீ சும்மா இருய்யா!”

பந்தலே ரெண்டு கட்சியாகிவிட்டது. அப்பா இருந்திருந்தால் மூன்றாவது கட்சி அவர்தான் என்று நினைத்ததும், கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது. வாஹித் பாஷா தையல் நூலைச் சந்துக்குள் விட்டு இழு இழு என்று இழுக்க, மூடி பட்டென்று பிரிந்து வந்தது.

போஸ்டர் அடிக்கும் இளம்பரிதி, கார்டைத் தன் போனில் போட்டுப் பார்த்தான். வரிசையாக அப்பாவின் மூக்கு, தாடை, ஒற்றைக் கண். தள்ளிக்கொண்டே போனதில் ஒன்று முழு முகமாக வந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். பின்னால் அம்மா லூர்து, அவர் காதைப் பிடித்துத் திருகுகிறாள்.

“இதான்! இதே போடு,” என்றாள் கிறிஸ்டினா.

இளம்பரிதி தலையைச் சொறிந்தான். “அக்கா, உயிரோட இருக்கிறவங்கள பக்கத்துல சேத்துப் போட மாட்டாங்க. அம்மாவ கட் பண்ணிட்றேன். ஆனா கைய எடுத்தா காதும் சேந்து போய்டும்.”

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். காலையிலிருந்து பெட்டியருகே உட்கார்ந்திருந்தவள், போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

“அன்னிக்குப் போன நோண்டிக்கினு இருந்தவர சாப்புட எத்தினி வாட்டி கூப்ட்டேன் தெரியுமா,” என்றாள். பிறகு, “என் மூஞ்சிய எடுத்துடுப்பா. கை இருக்கட்டும்.”

மத்தியானத்துக்குள் தெருமுனையில் போஸ்டர் ஏறிவிட்டது. மாலையும் கையுமாகத் தலையைத் தொங்கப்போட்டு வந்தவர்கள், நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு மேலே இருதயராஜ் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று அவர் காதை விடாமல் பிடித்திருந்தது.